வாயில்லா ஜீவனும் காலி நாற்காலியும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "விலங்குத் தூது நட்பை வளர்க்கிறதா, வாயை அடைக்கிறதா?" சீனா தன் பாண்டாக் கரடியை நட்பின் அடையாளமாக வெளிநாடுகளுக்கு அனுப்புகிறதே, அதுதான் விலங்குத் தூது. அது வாயைத்தான் அடைக்கிறது!

எதிரணித் தம்பி என்ன கேட்டார்? "பாண்டா வாயில்லா ஜீவன், மூங்கில் தின்னுகிறது. அதன் மேலுமா பழி?" நன்றாகக் கை தட்டினீர்கள். தம்பி, வாயில்லா ஜீவனை அனுப்பித்தான் வாயுள்ளவர்களை ஊமையாக்குகிறார்கள்!

நம்மூரில் மாட்டைப் பங்கு வாரத்துக்கு வளர்க்க விட்டால்கூட ஒரு கன்று வளர்த்தவருக்கு வரும். பாண்டா அப்படியில்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோ விலங்குப் பூங்காவுக்கு 2011 டிசம்பரில் சீனாவிலிருந்து ஒரு ஜோடி வந்தது. ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் பவுண்டு வாடகை. குட்டி போட்டாலும் குட்டி சீனாவுக்கே. 12 ஆண்டு இருந்தும் குட்டியே பிறக்கவில்லை, அது வேறு கதை.

அந்த ஜோடிக்கு ஒப்பந்தம் போட்டது 2011 ஜனவரியில். அதே மாதம்தான் ஸ்காட்லாந்து சால்மன் மீனுக்கும் சீனச் சந்தை திறந்தது. அதுவரை அங்கே கொடிகட்டிப் பறந்தது நார்வே சால்மன். அதற்கு என்ன ஆயிற்று?

சீன அரசை விமர்சித்ததற்காகச் சிறையில் இருந்த சீன எழுத்தாளர் லியூ சியாபோவுக்கு 2010இல் அமைதி நோபல் கிடைத்தது. கொடுத்தது நார்வேயில் உள்ள தனிக் குழு, நார்வே அரசுகூட இல்லை. ஆனாலும் நார்வே மீனின் விற்பனை அங்கே சரிந்தது. கேள்வி கேட்ட ஊருக்குக் கதவடைப்பு, பக்கத்து ஊருக்குப் பாண்டா! இதைப் பார்க்கும் மூன்றாவது ஊர் வாய் திறக்குமா தம்பி? நார்வேயே 6 ஆண்டு கழித்து, சீனாவின் அடிப்படை நலன்களைக் குலைக்கும் எதற்கும் துணைபோக மாட்டோம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் உறவு சீரானது.

சரி, மீனை விடுங்கள். நார்வே தலைநகர் ஆஸ்லோவில் அந்த நோபல் பரிசு வழங்கிய மேடைக்கு வாருங்கள். 2010 டிசம்பர் 10. சிறையில் இருந்த லியூவும் வரவில்லை, அவர் மனைவியையும் சீனாவில் வீட்டுக்காவலில் வைத்துவிட்டார்கள். மேடையில் ஒரு காலி நாற்காலி. பதக்கத்தையும் பட்டயத்தையும் அதன்மேல் வைத்தார்கள். அவர் எழுதியதை வேறொருவர் வாசித்தார். என்னைப் பொடிப்பொடியாக நொறுக்கினாலும் அந்தச் சாம்பலால் உன்னைத் தழுவிக்கொள்வேன் என்று மனைவிக்குச் சொல்லியிருந்தார், ஐயா!

2017இல் கைதியாகவே புற்றுநோயில் இறந்தார். இரண்டே நாளில் சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். அந்த அம்மா போய் நின்று ஒரு பூ வைக்க மண்ணில் இடமில்லை.

பாண்டாக் குட்டியின் படத்தை எதிரணி காட்டினார்கள். நான் காட்டுவது அந்த நாற்காலியை. பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே.