விளக்கடித்துச் சொல்ல வேண்டியது

(ஹட்டனில் பஸ், வேன், முச்சக்கரவண்டிச் சாரதிகளும் மோட்டார் சைக்கிள் ஓட்டும் இளைஞர்களும் கூடிய கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன்பு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வாதம் நடந்தது. வேன் ஓட்டும் அண்ணன், "மோட்டார் சைக்கிள் பிள்ளைகள் இடப்பக்கத்தால் நுழைகிறார்கள். கண்ணாடியில் பார்ப்பதற்குள் முன்னால் நிற்கிறார்கள்" என்றார். மோட்டார் சைக்கிள் தம்பி எழுந்து, "பஸ்காரர்கள் எங்களைக் கானுக்குள் தள்ளிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை" என்றார். இருவர் சொன்னதும் உண்மை. கடைசியில் இருவரும் ஒரே விடயத்தில் ஒன்றுபட்டார்கள்: பொலிஸார் மறைந்து நின்று பிடிக்கிறார்கள். அந்த இடத்தில் மண்டபம் முழுவதும் கைதட்டியது. நான் தட்டவில்லை. அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் எழுந்திருக்கிறேன்.

31 வருடங்கள் இந்த மலைப்பாதைகளில் பஸ் ஓட்டினேன். மழைக்காலத்தில் ஒரு நாள். காலையில் கண்டிப் பக்கம் போகும்போது, எதிரே வந்த ஐந்து வாகனங்கள் எனக்கு விளக்கடித்தன. என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நேர்ப்பாதையில், மர நிழலில், இரண்டு பொலிஸார் நின்றார்கள். வேகத்தைக் குறைத்தேன், கடந்தேன், மீண்டும் மிதித்தேன்.

அன்று இரவு அதே பஸ்ஸில் ஐம்பது பேரோடு இறங்கி வருகிறேன். மூடுபனி. முன்விளக்கின் வெளிச்சம் பனியில் பட்டு என் முகத்துக்கே திரும்பி வருகிறது. எதிரே மூன்று வாகனங்கள் ஏறி வந்தன, ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துபோயின. அடுத்த முடக்கில் திரும்பினேன். சக்கரத்தின் அடியில் இலைகள் நொறுங்கும் சத்தம் கேட்டது. எச்சரிக்கைக்காக யாரோ மரக்கிளை ஒடித்துப் போட்டிருக்கிறார்கள் என்று புரிந்த அதே நொடியில், அச்சு முறிந்து நின்ற லொறியின் பின்பலகை தெரிந்தது. பின்விளக்கு இல்லை. பஸ் நின்றபோது இறங்கிப் பார்த்தேன், இடைவெளி ஒரு முழம். அந்தப் பலகையில் கொழுந்துச் சாக்கின் ஈரம் வடிந்துகொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அந்த மூன்று வாகனங்களும் லொறியைச் சுற்றிக்கொண்டுதான் மேலே வந்திருக்கின்றன. மூன்று சாரதிகளும் அதைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் விளக்கடிக்கவில்லை. பொலிஸ் நிற்கிறது என்று ஐந்து பேர் சொன்ன பாதையில், சாவு நிற்கிறது என்று சொல்ல ஒருவரும் இல்லை. நானும் அப்படி எத்தனை முறை பேசாமல் கடந்திருப்பேன் என்று அன்று இரவு முழுவதும் நினைத்தேன். தூக்கம் வரவில்லை.

யாரென்றே தெரியாத மனிதருக்கு, இனம் மொழி பாராமல் நாம் செய்கிற உதவி அந்த விளக்கு. அந்த நல்ல மனதைப் போய் எதற்குச் செலவழிக்கிறோம்? சக சாரதி தண்டப்பணத்திலிருந்து தப்ப வேண்டும் என்பதற்கு. அவர் பள்ளத்திலிருந்து தப்ப வேண்டும் என்பது ஏன் நம் கைக்கு வருவதில்லை?

இப்போது வேகத்துக்கு வருகிறேன். "ஊருக்கு வெளியே 70 வரை போகச் சட்டமே இடம் தருகிறது, 60 இல் போனால் என்ன குற்றம்?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. ஊர்ப்பகுதியில் 50, வெளியே 70 என்பதுதான் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உள்ள எல்லை. ஆனால் தம்பி, அந்த 70 முழு இலங்கைக்கும் எழுதிய எண். அனுராதபுரத்து நேர்ப்பாதைக்கும் அதுதான், வட்டவளை முடக்குக்கும் அதுதான். நம் பாதையில் முடக்குக்கு முடக்கு கண்ணுக்குத் தெரிகிற தூரம் முப்பது மீற்றர், நாற்பது மீற்றர். பனி இறங்கினால் அதுவும் இல்லை. அந்தத் தூரத்துக்குள் நிறுத்த முடிந்தால் அது சரியான வேகம். முடியாவிட்டால், சட்டம் என்ன எண் சொன்னாலும் அது குருட்டு ஓட்டம்.

என் மகள் பௌதிகவியல் படிப்பிக்கிறார். அவரிடம் கணக்குப் போட்டுத் தரச் சொன்னேன். நனைந்த தார்ப்பாதை, நல்ல பிரேக். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி. 40 இல் வந்தவர் ஏறத்தாழ 29 மீற்றரில் நின்றுவிடுகிறார். 60 இல் வந்தவருக்கு 53 மீற்றர் வேண்டும். இதைக்கூட நான் ஓரளவு எதிர்பார்த்தேன். அடுத்து அவர் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. 40 காரர் முற்றாக நின்றுவிட்ட அந்த இடத்தைக் கடக்கும்போது, 60 காரரின் வேகம் இன்னும் 55. பாதித் தூரத்தைத் தாண்டியும் ஐந்துதான் குறைந்திருக்கிறது. அந்த இடத்தில் பாடசாலைப் பிள்ளை ஒன்று நின்றால், ஒருவர் அதன் முன்னால் நின்று பெருமூச்சு விடுகிறார், மற்றவர் 55 இல் மோதுகிறார். இருவருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் 20. அந்த 20 ஆல் ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் போக எத்தனை நிமிடம் மிச்சம் பிடிப்பீர்கள்? கடையில் ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம்.

அது சமதரைக் கணக்கு. இறக்கம் வேறு.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. றம்பொடை வழியாகக் கம்பளைக்கு வந்து சேரும்போது ஏறத்தாழ 1,400 மீற்றர் இறங்கிவிடுகிறோம். மகளின் கணக்குப்படி, அத்தனை இறக்கத்தையும் பிரேக்கினாலேயே தாங்கினால், 60 இல் ஓடும் பஸ்ஸை நூறு முறை தொடர்ந்து நிறுத்தினால் வருகிற சூடு வரும். சிறிய வாகனம் பெரிய வாகனம் என்ற பேதம் இதில் இல்லை. எந்த இரும்பு அதைத் தாங்கும்? முதலில் லைனர் கருகும் வாடை வரும். பயணிகள் மூக்கைப் பொத்துவார்கள். பிறகு மிதி கொஞ்சம் ஆழமாகப் போகும். அதன் பிறகு மிதித்தாலும் ஒன்றுதான், மிதிக்காவிட்டாலும் ஒன்றுதான். "பிரேக் இல்லாமல் போய்விட்டது" என்று பத்திரிகையில் வருகிறதே, பல நேரங்களில் பிரேக் எங்கும் போகவில்லை. அதை மேலிருந்தே நாம்தான் எரித்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

எனக்குத் தொழில் பழக்கிய மூத்த சாரதி ஒரே ஒரு விதி சொன்னார்: எந்தக் கியரில் ஏறுவாயோ, அதே கியரில் இறங்கு. இன்ஜின் பிடித்து வைத்துக்கொள்ளட்டும், பிரேக் ஓய்வெடுக்கட்டும். 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் நம்மில் பலர் இதற்கு நேர்மாறான ஒன்றைப் பழகிக்கொண்டோம். இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது, இன்ஜினையே அணைத்துவிடுவது. வரிசை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. வேன் ஓட்டும் சகோதரர்களே, இன்ஜினை அணைத்தால் பிரேக்குக்குக் கிடைக்கிற உதவியும் சேர்ந்து அணைகிறது. கால் முழுப் பலத்தோடு மிதித்தாலும் பாதிதான் பிடிக்கும். ஸ்கூட்டர் ஓட்டும் தங்கைமாரே, உங்கள் வண்டியில் மாற்றிப்போடக் கியர் இல்லை. அதனால் நீண்ட இறக்கத்தில் இடையிடையே நிறுத்தி, பிரேக்கை ஆறவிட்டுத்தான் வர வேண்டும்.

2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்லை குறுக்குப் பாதையில் பாடசாலை மாணவர்களை ஏற்றி வந்த பஸ் மோதியதில், வேனில் வந்த ஆறு பேரும் முச்சக்கரவண்டிச் சாரதியும் இறந்தார்கள். 2025 மே 11 அதிகாலை, வெசாக்குக்கு முதல் நாள், கதிர்காமத்திலிருந்து குருணாகலுக்குப் போன பஸ் கொத்மலை கெரண்டிஎல்லவில் பள்ளத்தில் விழுந்து 20 இற்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் எல்ல வெல்லவாய பாதையில் 15 பேர். எது தவறு, யார் தவறு என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை, நான் அதற்குள் போகமாட்டேன். ஆனால் ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் இரண்டு வாரம் மெதுவாகப் போகிறோம், மூன்றாவது வாரம் பழைய கதை. அதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

சரி, பொலிஸ். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் தேவையான அதிகாரம் எல்லாம் இருக்கிறது. குறை இருப்பது நிற்கிற இடத்தில். நேர்ப்பாதையில் நின்றால் பத்துப் பேரைப் பிடிக்கலாம், ஆனால் அங்கே ஆள் சாவது குறைவு. இறக்கம் தொடங்குகிற இடத்தில் நில்லுங்கள் ஐயா. சமவெளியிலிருந்து சுற்றுலா வருகிற பஸ்ஸை நிறுத்தி, "எந்தக் கியரில் இறங்கப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். சீட்டு எழுத வேண்டாம், பத்து நிமிடம் நிறுத்தி வைத்தாலே போதும். மறைந்து நிற்கவும் தேவையில்லை, முடக்கில் எல்லோரும் பார்க்க நின்றால் எல்லோரும் மெதுவாகப் போவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருமுறை எனக்குக் கொடுத்த தண்டப்பணச் சீட்டு முழுவதும் சிங்களத்தில் இருந்தது. நான் செய்த குற்றம் என்ன என்று வேறொருவரிடம் வாசிக்கக் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். தமிழும் அரச கரும மொழி என்று 1987 இலேயே அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தில் எழுதியாகிவிட்டது. தன் பிழையைத் தன் மொழியில் வாசிக்கிறவன்தான் அதைத் தன் பிழை என்று ஏற்றுக்கொள்வான். வாசிக்கத் தெரியாத சீட்டு அவனுக்கு வெறும் பணப் பறிப்பாகத்தான் படும். 14 நாளுக்குள் கட்ட வேண்டியிருந்தது, அனுமதிப்பத்திரத்தைத் திரும்பப் பெற மறுபடி போக வேண்டியிருந்தது, ஒரு நாள் ஓட்டம் கெட்டது. முச்சக்கரவண்டிச் சகோதரருக்கு அந்த ஒரு நாள் வீட்டு அரிசி. இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது.

ஆனால் நேர்மையாகப் பேசுவோம். "சீட்டு வேண்டாம், பார்த்துச் செய்யுங்கள் ஐயா" என்ற பேச்சை யார் தொடங்குகிறார்கள்? பாதி நேரம் நாம்தான். கொடுக்கிற கை இருக்கும்வரை வாங்குகிற கையைப் பற்றி மட்டும் பேச எனக்கு வாய் வரவில்லை.

பஸ் முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. ஒரு நாளைக்கு இவ்வளவு கொண்டுவர வேண்டும் என்று தொகை வைத்துவிட்டு, மெதுவாக ஓட்டு என்று சொன்னால் சாரதி எதைக் கேட்பான்? பின்னால் வருகிற பஸ் ஆளைத் தூக்கிவிடும் என்ற பயத்தில்தான் பல முடக்குகளில் முந்தினேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன். மாதச் சம்பளம் கொடுத்துப் பாருங்கள், பாதி வேகம் தானாகக் குறையும்.

மோட்டார் சைக்கிள் தம்பிமாரே, நம் நாட்டில் ஆண்டுதோறும் 2,000 இற்கும் மேற்பட்டோர் பாதையில் சாகிறார்கள். அதில் பெரும் பங்கு நீங்கள். உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, உங்களைச் சுற்றி இரும்பு இல்லை என்பதால் சொல்கிறேன். நேற்றும் டிக்கோயாப் பாதையில் பார்த்தேன். முன்னால் அண்ணன், பின்னால் தங்கை. தலைக்கவசம் தங்கையின் முழங்கையில் தொங்குகிறது. பொலிஸ் தெரிகிற முடக்கு வந்ததும் தலைக்கு ஏறுகிறது, அதுவும் நாடாவைப் பூட்டாமல். பூட்டாத கவசம் விழுகிற வேகத்தில் தனியாகப் பறந்துவிடும், தலை தனியாகத் தரையில் அடிபடும். முடக்கில் உட்பக்கமாக நுழைந்து முந்தாதீர்கள். பஸ்ஸின் பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். எங்கள் இடப்பக்கம் நீங்கள் நின்றால் கண்ணாடியில் சில நேரம் தெரியமாட்டீர்கள். அது சத்தியம். யாராவது விழுந்து கிடந்தால் கைத்தொலைபேசியில் படம் எடுக்கும் முன் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. பாலத்துக்கு மேலே உள்ள முடக்கு உங்கள் எல்லோருக்கும் தெரியும். பாடசாலை விட்டதும் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் லயத்துக்கு நடக்கிறார்கள். நடைபாதை கிடையாது. கான் மூடி இல்லாமல் திறந்து கிடப்பதால் தார் ஓரமாகத்தான் நடக்க வேண்டும். உள்பக்க மேட்டில் மானாப்புல் தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. போன வாரம் அந்தப் பிள்ளைகளோடு நானும் நடந்து பார்த்தேன். புத்தகப் பை புல்லில் உரசுகிறது, காலுக்கு அருகில் வாகனம் போகிறது, முடக்கின் மறுபக்கம் ஒன்றுமே தெரியவில்லை. அங்கே வைத்திருந்த குவிவாடியும் யாரோ கல்லெறிந்து உடைந்து கிடக்கிறது. கடிதம் எழுதியிருக்கிறோம், பதில் வரட்டும். புல் பதிலுக்காகக் காத்திருக்காமல் வளர்ந்துகொண்டிருக்கிறது.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு அங்கே வாருங்கள். கத்தி, அரிவாள் உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். தோட்டத்துத் தங்கைமார் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், தேநீர் கோயிலில் போடுகிறார்கள். வெட்டுகிறவர்கள் பாதையில் நிற்கப் போகிறார்கள். ஆகவே மேல்முடக்கில் ஒருவரும் கீழ்முடக்கில் ஒருவரும் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, வருகிற ஒவ்வொரு வாகனத்துக்கும் விளக்கடித்துச் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு தம்பிமார் தேவை. அந்த 70 பற்றிக் கேள்வி கேட்ட தம்பி, நீங்கள் வருகிறீர்களா?