அடங்காத பிள்ளையா, வாசிக்க முடியாத பிள்ளையா?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கற்றலிலும் மனநிலையிலும் வெவ்வேறு தேவைகள் கொண்ட மாணவர்களுக்குப் பள்ளிகள் எவ்வாறு துணைநிற்கலாம் என்பது எனக்கு அளிக்கப்பட்டுள்ள தலைப்பு. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் கற்றல் தேவைகளை ஒருபுறமும் மனத் தேவைகளை மறுபுறமும் வைத்துப் பேசுவதே வழக்கம். பள்ளிகளும் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கின்றன. வாசிக்கத் திணறும் பிள்ளை சிறப்பாசிரியரிடம் அனுப்பப்படுகிறது. சண்டையிடும் பிள்ளையும் வாய் திறவாத பிள்ளையும் ஆலோசகரிடமோ தலைமையாசிரியர் அறைக்கோ அனுப்பப்படுகிறார்கள். இந்தப் பிரிவினையே பாதிச் சிக்கலுக்குக் காரணம் என்பது என் கருத்து. காலையில் வாசிப்புத் திணறலாகத் தெரிவதும் பிற்பகலில் அடிதடியாக வெடிப்பதும் பல நேரங்களில் ஒரே பிள்ளையின் ஒரே துன்பந்தான்.

ஆளுக்கு ஒரு பத்தியாக உரக்க வாசிக்கச் சொல்லும் பாடவேளையை எண்ணிப் பாருங்கள். வாசிக்கத் திணறும் ஒரு சிறுமி, தனக்கு முன்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தலைகளை எண்ணி, தன் முறைக்கு எந்தப் பத்தி வரும் என்று கணக்கிட்டு, அதை உதட்டசைவில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பாள். மற்றவர்கள் வாசித்ததில் ஒரு சொல்லும் அவள் காதில் விழுந்திருக்காது. நீளமான ஒரு பத்தியை ஆசிரியர் இருவருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டால் அவள் போட்ட கணக்கு குலைந்துவிடும். அந்தக் கணத்தில் பென்சில் பெட்டி கீழே விழும், அல்லது பக்கத்தில் இருப்பவளுக்கு ஒரு கிள்ளு விழும். ஆசிரியர் கண்டித்து வெளியே நிற்கச் சொல்வார். வெளியே நிற்பது அவளுக்குத் தண்டனையே அன்று. அவள் வேண்டியது அதுதான். ‘வாசிக்கத் தெரியாதவள்’ என்று வகுப்பு முழுவதும் சிரிப்பதைவிட ‘அடங்காதவள்’ என்று பெயரெடுப்பது அவளுக்கு எளிதாக இருக்கிறது. அடுத்த முறை பெட்டி இன்னும் முன்னதாகவே விழும்.

வாசிப்புக் குறைபாடு, அதாவது டிஸ்லெக்சியா, இன்று நேற்றுக் கண்டறியப்பட்டதன்று. 1896ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், எழுத்துகளை அறிந்திருந்தும் சொற்களை வாசிக்க இயலாத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் அவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் அவர் அதில் குறித்திருக்கிறார். அந்த ஆசிரியர் கண்டுகொண்டதை இன்றும் பல மதிப்பெண் பட்டியல்கள் காண்பதில்லை. ‘திறமை இருக்கிறது, முயற்சி போதாது’ என்ற ஒரே வரியை ஆண்டுதோறும் எழுதிக்கொண்டிருக்கின்றன. இக்குறைபாடு பெரும்பாலும் பேச்சொலிகளைப் பிரித்தறிந்து எழுத்தோடு இணைப்பதில் ஏற்படும் இடர்ப்பாடு. அறிவுக்கூர்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக, முறையாக, மிகுந்த பயிற்சியோடு கற்பிக்கும்போது முன்னேற்றம் வருகிறது. ‘நாலு தடவை எழுது’ என்பதால் வருவதில்லை.

சோதனை முடிந்து சான்றிதழ் கைக்கு வரும்வரை ஒன்றும் செய்ய இயலாது என்று சில பள்ளிகள் காத்திருக்கின்றன. தேர்வுச் சலுகைகளுக்குச் சான்றிதழ் தேவைப்படலாம். வகுப்பறை உதவிக்கு அது தேவையில்லை. கண்ணையும் காதையும் முதலில் பரிசோதித்துவிட வேண்டும். பின்வரிசையில் உட்கார்ந்து கரும்பலகை தெரியாமல் விழிக்கும் பிள்ளைக்குக் ‘கவனக்குறைவு’ என்று பெயர் சூட்டுவது கொடுமை. அதன்பின் ஆசிரியர் இரண்டு வாரங்கள் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளலாம். பிள்ளை கலாட்டா செய்ததை மட்டும் எழுதாமல், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அது எந்தப் பாடவேளை, பக்கத்தில் யார் இருந்தார்கள், பின்பு அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்பவற்றையும் எழுத வேண்டும். கணக்குப் பாடத்துக்கு முன்பு மட்டும் வயிற்றுவலி வருகிறதா, இடைவேளைக் கூச்சலுக்குப் பிறகு மட்டும் கைநீட்டல் நடக்கிறதா என்பது அந்த ஏட்டிலேயே தெரிந்துவிடும்.

மாற்ற வேண்டியவற்றில் பல ஆசிரியரின் நாவிலேயே இருக்கின்றன. ‘புத்தகத்தை மூடிவிட்டு, பயிற்சி ஏட்டை எடுத்து, நேற்று எழுதியதற்குக் கீழே மூன்றாம் கணக்கைப் போட்டு, முடித்தவர்கள் மேசையில் கொண்டுவந்து வையுங்கள்’ என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். ஒரே நேரத்தில் சில செய்திகளை மட்டுமே மனத்தில் நிறுத்திக்கொள்ள இயலும் பிள்ளை, புத்தகத்தை மூடுவதோடு நின்றுவிட்டு, அடுத்து என்ன என்று அறியப் பக்கத்து ஏட்டை எட்டிப் பார்க்கிறது. உடனே ‘பார்த்து எழுதுகிறான்’ என்ற குற்றச்சாட்டு எழுகிறது. அதே கட்டளையை மூன்றாகப் பிரித்துச் சொல்லி, கரும்பலகையின் ஓரத்தில் எழுதியும் வைத்தால் அந்தப் பிள்ளை மட்டுமல்லாமல், சன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களும் பயனடைவார்கள். கேள்வி கேட்டபின் காத்திருப்பதும் இப்படிப்பட்டதுதான். ஆசிரியர்கள் விடைக்காகச் சராசரியாக ஒரு விநாடியளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடிகளாக நீட்டினாலே விடைகள் நீளமாவதோடு வழக்கமாகப் பேசாத மாணவர்களும் பேச முன்வருகிறார்கள் என்றும் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். மூன்று விநாடி மௌனம் வகுப்பறையில் எவ்வளவு நீளமாகத் தோன்றும் என்பது கற்பித்தவர்களுக்குத் தெரியும், பழகிக்கொள்ளத்தான் வேண்டும்.

சத்தம் போடாத பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும்; அவர்கள் எவருக்கும் தொந்தரவு தருவதில்லை என்பதாலேயே எவருடைய பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. வீட்டில் சரளமாகப் பேசும் சில பிள்ளைகளுக்குப் பள்ளியில் குரலே எழும்பாது. அது பிடிவாதமன்று, பதற்றத்தின் ஒரு வடிவம். ‘ஒரே ஒரு வார்த்தை சொல், பரிசு தருகிறேன்’ என்று எல்லோர் முன்னிலையிலும் வற்புறுத்துவது அந்தப் பதற்றத்தை இன்னும் இறுக்கிவிடுகிறது. தலையசைத்தோ எழுதிக் காட்டியோ விடை தரவும், முதலில் ஒரே ஒரு தோழியிடம் மட்டும் பேசவும் இடங்கொடுத்து, அந்த வட்டத்தை மெல்ல விரிவாக்குவதே வழி. பள்ளிக்கு வரவே அஞ்சும் பிள்ளையை வீட்டிலேயே இருக்கவிட்டால் அன்றைக்கு நிம்மதி கிடைக்கும்; ஆனால் அந்த நிம்மதியே மறுநாள் வருவதை மேலும் கடினமாக்கும். ஆகவே இரண்டு பாடவேளைக்காவது வரவழைத்து, வாசலில் தெரிந்த முகம் ஒன்று காத்திருக்கும்படி செய்து, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்ட வேண்டும். கேலியோ அடியோ அச்சத்துக்குக் காரணமாக இருந்தால் முதலில் அதை நிறுத்தியாக வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தேர்வில் கூடுதல் நேரம் தருவது மற்றவர்களுக்கு அநீதியாகாதா என்று பெற்றோர் கேட்கிறார்கள். அந்தத் தேர்வு எதை அளக்கிறது என்று கேட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். வரலாற்றுத் தேர்வு வரலாற்று அறிவை அளக்க வந்தது. கை எவ்வளவு விரைவாக எழுதுகிறது என்பதை அளக்க வரவில்லை. ஆகவே மெதுவாக எழுதும் மாணவருக்குக் கூடுதல் நேரமோ சொல்வதை எழுதுபவரோ தருவதால் மதிப்பீடு துல்லியமாகிறதே தவிரத் தளர்வதில்லை. எழுத்துப்பிழையையே அளக்கும் தேர்வில் பிழைதிருத்தியைக் கொடுத்தால் அது வேறு கதை. 1994இல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி, பள்ளிகள் எல்லாப் பிள்ளைகளையும் ஏற்றுக் கற்பிக்க வேண்டும் என்ற கொள்கையை அறிவித்தார்கள். 2006இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, ஒவ்வொருவரின் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளைக் கல்வி உரிமையின் பகுதியாகவே வைத்தது. எனவே இவற்றைக் கருணை என்றெண்ணித் தயங்கித் தயங்கிக் கேட்கவேண்டிய நிலையில் பெற்றோர் இல்லை.

தனிப்பயிற்சிக்காகப் பிள்ளையை வகுப்பிலிருந்து அழைத்துப்போகும் பள்ளிகளிடம் ஒரு வேண்டுகோள்: விளையாட்டுப் பாடவேளையிலும் ஓவியப் பாடவேளையிலும் கைவைக்காதீர்கள். நாள் முழுவதும் தோற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை வெல்லும் ஒரே இடம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கிறது.

இத்தனையையும் ஒரே ஆசிரியர், நிரம்பி வழியும் வகுப்பில், பாடத்தையும் முடித்துக்கொண்டு செய்ய முடியுமா என்ற கேள்வி நியாயமானதே. எல்லாவற்றையும் ஒருவர் செய்ய முடியாது. ஆளுக்கொரு பாடத்திட்டம் தயாரிக்கும்படியும் எவரும் கேட்கவில்லை. ஆனால் ஓர் ஆசிரியர் ஓராண்டில் அறிந்துகொண்டதை அடுத்த ஆசிரியர் மறுபடியும் முதலிலிருந்து தேடும் வீண்பாட்டையாவது நிறுத்தலாம். ஆண்டிறுதியில் ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும். ‘பெயர் சொல்லி எழுப்பினால் பேசமாட்டான், எழுதித் தருவான், பாடவேளை மாறப்போவதை மணியடிக்கும் முன்பே சொல்லிவிட்டால் பதறமாட்டான், கணக்கில் வகுப்புக்கே முதல்வன், தாயிடம் பேசும்போது கணக்கிலிருந்து தொடங்குங்கள்’ என்பது போன்ற நான்கு வரிகள், நீண்ட அறிக்கையைவிட வகுப்பறையில் பயன்படும். அதை எழுதுமுன் பெற்றோரிடமும், விவரம் புரியும் வயதாகியிருந்தால் அந்த மாணவரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். விடுப்பில் போன ஆசிரியருக்குப் பதிலாக ஒரு நாள் மட்டும் வருகிறவருக்கும் அது கிடைக்கும்படி வைக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.