தலைமுடி அளவு வித்தியாசம் காரின் தரையைக் கெடுக்குமா? எம்ஜிபி முன் இருக்கையைக் கழற்றி மாட்டும் முறை

[திரையில்: உள்ளங்கையில் அருகருகே இரண்டு போல்ட்கள்]

இந்த இரண்டு போல்ட்களையும் நன்றாகப் பாருங்கள். இரண்டின் தடிமனுக்கும் இடையே உள்ள வித்தியாசம் 0.06 மி.மீ. மட்டுமே; அதாவது ஒரு தலைமுடியின் பருமன். இவற்றில் ஒன்று 60 ஆண்டுப் பழமையான ஸ்போர்ட்ஸ் காரின் இருக்கையை உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். மற்றொன்று அதே காரின் தரைத் தகட்டில் இருக்கும் நட்டை உள்ளிருந்து அரித்துத் தின்றுவிடும். எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடிகிறதா? வீடியோவை ஒரு நொடி நிறுத்திவிட்டு, இருக்கையைப் பிடிக்கும் போல்ட் இடதா வலதா என்று கமெண்டில் எழுதுங்கள். விடையைச் சற்று நேரத்தில் சொல்கிறேன்.

வணக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது எம்ஜிபி காரின் முன் இருக்கைகளைக் கழற்றித் திரும்ப மாட்டும் வேலை. இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரான கார் இது. வரலாறாக இப்போதைக்கு அது போதும்.

இருக்கை ஒவ்வொன்றும் இரண்டு ரன்னர்களின், அதாவது உலோகத் தண்டவாளங்களின், மேல் முன்னும் பின்னும் நகர்கிறது. அந்த ரன்னர்களை நான்கு போல்ட்கள் தரையோடு பிணைக்கின்றன. போல்ட் இறங்கும் நட் தனியாகக் கையில் வருவதில்லை. அது தரைக்கு அடியில், தகட்டோடு சேர்த்தே பொருத்தப்பட்டிருக்கிறது. அந்த நட்டின் மரை, அதாவது போல்ட்டைக் கவ்வும் திருகு வரிகள், கெட்டுப்போனால், புதிய நட் ஒன்றை வாங்கி மாற்றிவிட்டு நகர முடியாது; தரையில் கை வைத்து, வெல்டிங் வரை போக வேண்டியிருக்கும். ஆகவே இந்த வேலையில் நாம் காப்பாற்ற வேண்டியது இருக்கையை அல்ல, அந்த நான்கு நட்களைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

எனவே வேலை காருக்குள்ளே அல்ல, காருக்கு அடியில் தொடங்குகிறது. காரைத் தாங்கிகளின் மேல் உறுதியாக நிறுத்துங்கள். வெறும் ஜாக்கை நம்பி எவரும் காருக்கு அடியில் நுழையக் கூடாது. தரைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் முனைகளில் பல ஆண்டு மழைநீரும் சேறும் துருவும் இறுகிப் படிந்திருக்கும். அந்த நிலையிலேயே மேலிருந்து போல்ட்டைத் திருகினால், அந்தத் துருக் கட்டி முழுவதும் நட்டின் மரை வழியாக இழுபட்டு மேலே வரும்; வரும் வழியில் மரையைச் சீவிக்கொண்டே வரும். ஆகவே கைக்கு எட்டும் முனைகளையெல்லாம் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி, துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து, ஓர் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். இந்த ஓர் இரவைப் பொறுக்காதவர்கள் பின்னர் ஒரு வாரம் பொறுக்க வேண்டிவரும்.

மறுநாள் இருக்கையைக் கடைசி வரை பின்னால் தள்ளினால் ரன்னரின் முன் போல்ட்கள் தெரியும். கடைசி வரை முன்னால் இழுத்தால் பின் போல்ட்கள் தெரியும். இருக்கை நகர மறுத்தால் சுத்தியலை எடுக்காதீர்கள். பெரும்பாலும் ரன்னருக்குள் மணலும் காய்ந்த கிரீஸும்தான் சிக்கியிருக்கும். எண்ணெய் விட்டு, இருக்கையின் பூட்டை விடுவிக்கும் நெம்புகோலைத் தூக்கிப் பிடித்தபடி இருக்கையை முன்னும் பின்னும் சிறிது சிறிதாக ஆட்டினால் அது வழிக்கு வந்துவிடும்.

இப்போது ஸ்பேனரை எடுக்கிறோம். முதல் தவறு பெரும்பாலும் இங்கேதான் நிகழ்கிறது. இந்தப் போல்ட்டின் தலைக்கு அரை அங்குல ஸ்பேனர்தான் பொருந்தும். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. எல்லோருடைய கருவிப் பெட்டியிலும் இருப்பது 13 மி.மீ. ஸ்பேனர். அதை மாட்டிப் பார்த்தால் பொருந்துவதுபோலவே இருக்கும். ஆனால் துருப்பிடித்த போல்ட்டில் பலம் கொடுக்கும்போது அந்த 0.3 மி.மீ. இடைவெளி தலையின் ஆறு மூலைகளையும் மழுக்கிவிடும். சரியான அரை அங்குல அளவில், அதுவும் ஆறு முனை சாக்கெட்டையே பயன்படுத்துங்கள்.

இந்த அங்குலமும் மில்லிமீட்டரும் ஏன் இப்படிக் குழம்பிக் கிடக்கின்றன? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சற்று நேரம் எடுத்துக்கொள்கிறேன், உடன் வாருங்கள்.

[திரையில்: பெரிதாக்கிக் காட்டிய மரைகள்]

1841இல் ஜோசஃப் விட்வொர்த் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர், பட்டறைக்குப் பட்டறை வேறுபட்டிருந்த மரைகளை ஒழுங்குபடுத்த ஒரே அளவுமுறையை முன்வைத்தார். அவருடைய மரையின் V வடிவப் பள்ளம் விரியும் கோணம் 55 பாகை. அமெரிக்காவில் 1864இல் வில்லியம் செல்லர்ஸ் தம்முடைய முறையை 60 பாகையில் முன்வைத்தார். இரு நாடுகளும் அங்குலத்தில்தான் அளந்தன. ஆனாலும் ஒரு நாட்டின் போல்ட் மற்ற நாட்டின் நட்டில் ஒழுங்காக உட்காரவில்லை. இந்த ஐந்து பாகை வேறுபாட்டின் விலை இரண்டாம் உலகப் போரில்தான் முழுமையாகத் தெரிந்தது. ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவில் தயாரிக்க முன்வந்த பேக்கார்ட் நிறுவனம், உதிரி பாகங்கள் கடலின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதற்காக, தன் நாட்டு மரையை விட்டுவிட்டுப் பிரிட்டிஷ் மரையையே வெட்டியது. பேக்கார்டைப் போன்ற ஒரு பெரிய தொழிற்சாலையே ஒரு மரையின் கோணத்துக்காகத் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

போர் முடிந்த பின் 1948இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய மூன்று நாடுகளும் 60 பாகையில் ஒரு பொது மரைக்கு ஒப்புக்கொண்டன. 14 ஆண்டுகள் கழித்து வந்த எம்ஜிபியின் தரையில் இருப்பது அந்த உடன்படிக்கையின் மரை: 5/16 அங்குல யு.என்.எஃப். (அந்தப் பொது மரையின் நெருக்கமான வகை); ஓர் அங்குல நீளத்தில் 24 மரைகள்.

அதே எம்ஜி பெயரைத் தாங்கிய, இதற்கு முந்தைய டிசி, டிடி கார்களின் எஞ்சினைத் திறந்தால் இதைவிடப் பெரிய விந்தை காத்திருக்கிறது. அந்தப் போல்ட்களின் தலை விட்வொர்த் அளவு. ஆனால் மரையோ மெட்ரிக். அந்த எஞ்சின்களைச் செய்த மோரிஸ் நிறுவனம் 1923இல் வாங்கிய, பிரெஞ்சு நிறுவனமான ஹாட்ச்கிஸின் எஞ்சின் தொழிற்சாலையில் இருந்தவை பிரெஞ்சு இயந்திரங்கள். அவற்றுக்கு வெட்டத் தெரிந்தது மெட்ரிக் மரைதான். இங்கிலாந்துக்காரரின் கையில் இருந்ததோ விட்வொர்த் ஸ்பேனர். ஆகவே தலையை உள்ளூர் ஸ்பேனருக்கு ஏற்றபடி வைத்துக்கொண்டு, மரையை இயந்திரத்தின் போக்கில் விட்டுவிட்டார்கள். உங்களில் யாரேனும் அந்த எஞ்சினில் வேலை பார்த்திருந்தால் அனுபவத்தைக் கட்டாயம் எழுதுங்கள். நான் வரிக்கு வரி படிப்பேன்.

இப்போது தொடக்கத்தில் காட்டிய இரண்டு போல்ட்களுக்கு வருவோம். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ.; எங்கும் எளிதாகக் கிடைக்கும் மெட்ரிக் எம் 8 போல்ட்டின் விட்டம் 8 மி.மீ. ஆகும். விட்டத்தில் இவை ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். ஆனால் யு.என்.எஃப். போல்ட் ஒரு சுற்றுக்கு 1.06 மி.மீ. இறங்குகிறது, வழக்கமான எம் 8 ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. இறங்குகிறது. முதல் சுற்று ஏதோ பழைய நட் என்ற இறுக்கத்தோடு ஏறிவிடும். ஐந்து சுற்றுகளுக்குள் இரண்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு விலகல் வந்துவிடும். அதற்குமேல் ஸ்பேனரால் அழுத்தித் திருகுபவர் போல்ட்டை மாட்டவில்லை, புதிய மரையைப் பழைய மரையின் மேல் வெட்டிக்கொண்டிருக்கிறார். இப்படி யாரோ முன்பு முடுக்கிவிட்டுப் போன போல்ட் ஒன்றை நான் கழற்றியபோது, அதன் மரைப் பள்ளங்களில் வெள்ளிச் சுருள்போல மெல்லிய இரும்பு இழைகள் சுற்றிக்கொண்டு வந்தன. அந்த இழைகள் அத்தனையும் நட்டின் உடம்பு.

சரியான போல்ட்டை அறிய எந்த அளவுகோலும் வேண்டாம். காரிலிருந்து வந்த நல்ல போல்ட்டையும் புதிய போல்ட்டையும் மரையோடு மரை சேர்த்துப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். ஒரே மரை என்றால் சீப்போடு சீப்பு கோத்ததுபோல இடைவெளி இல்லாமல் படியும். வேறு மரை என்றால் நடுவில் கீற்றுக் கீற்றாக ஒளி கசியும். தொடக்கத்தில் என் உள்ளங்கையில் இடது பக்கம் இருந்ததுதான் யு.என்.எஃப்.

சரி, கழற்றுவோம். போல்ட் அரைச் சுற்று இளகியதும் கால் சுற்றுத் திரும்ப முடுக்கி, மறுபடி இளக்குங்கள். இப்படி முன்னும் பின்னுமாக வரும்போது துரு பொடியாகி உதிர்கிறது. போல்ட் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் அடியில் நட் பிடியிலிருந்து விடுபட்டுவிட்டது என்று பொருள்; உடனே நிறுத்திவிட்டு, கீழிருந்து ஒருவர் நட்டைப் பிடித்துக்கொள்ள, மேலிருந்து மற்றவர் திருக வேண்டும். வெளியே வரும் போல்ட்களை ஓர் அட்டையில் துளையிட்டு, எந்த மூலையில் இருந்ததோ அந்த மூலையிலேயே செருகி வையுங்கள்.

இருக்கையைத் தூக்கும் முன் கதவின் வாசற்படியில் ஒரு போர்வையை விரியுங்கள். ரன்னரின் கூர்மையான முனை ஒரே இழுப்பில் பெயிண்டை உரித்துவிடும். 1970களில் அமெரிக்காவுக்குப் போன கார் என்றால், இருக்கைக்கு அடியில் பெல்ட் எச்சரிக்கைக்கான ஒயர் இருக்கிறதா என்று பார்த்துக் கழற்றிவிட்டுத் தூக்குங்கள்.

ரன்னர்களுக்குக் கீழே மரச் சட்டங்கள் இருப்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். அவை தொழிற்சாலையே வைத்தவை. தண்ணீரைக் குடித்து அவை உளுத்திருந்தால், அதே கனத்தில் புதிய சட்டம் செய்து, துளைகளின் உட்புறம் உட்பட எல்லாப் பக்கமும் வார்னிஷ் பூசுங்கள். ஒரு சட்டத்தின் கனம் குறைந்தாலும் ரன்னர் முறுக்கிக்கொண்டு இருக்கை பாதியில் நின்றுவிடும். தரைத் தகட்டில் துரு இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. இருக்கையின் அடியில் இருக்கும் ரப்பர் விரிப்பு கிழிந்திருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

மாட்டும்போது, முதலில் ஒரு 5/16 யு.என்.எஃப். டேப்பில் (நட்டுக்குள் மரை வெட்டும் கருவி) எண்ணெய் தடவி நான்கு நட்களின் மரையையும் கையால் சுத்தம் செய்யுங்கள். பிறகு கம்பளத்தைக் கவனியுங்கள். சுழலும் போல்ட் கம்பளத்தின் ஒரு நூலைக் கவ்வினால் அந்த வரிசை முழுவதையும் உருவி எடுத்துவிடும். ஆகவே துளையின் ஓரத்தைத் தெளிவாக வெட்டிவிட்டு, குத்தூசியை மேலிருந்து ரன்னர், மரச்சட்டம், கம்பளம், நட் ஆகிய நான்கின் வழியாகவும் செலுத்தித் துளைகளை ஒரே நேர்க்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். போல்ட்டில் சிறிது கிரீஸ் தடவி, முதல் நான்கைந்து சுற்றுகளை விரலால் மட்டுமே திருகுங்கள். விரலுக்கு இறங்காத போல்ட்டுக்கு ஸ்பேனரைக் காட்டக் கூடாது. வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள்.

நான்கும் விரலளவில் நிற்கட்டும். இருக்கையை இரு கோடிகளுக்கும் பலமுறை நகர்த்துங்கள்; அந்த ஓட்டத்திலேயே இரண்டு ரன்னர்களும் தாமாக இணையாக வந்து அமரும். அதன் பிறகு பின் போல்ட்கள், முன் போல்ட்கள் என்று மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். முடித்ததும் இருக்கையில் அமர்ந்து, நெம்புகோலை விட்டுவிட்டு, பிரேக் மிதியைக் காலால் முழு பலத்தோடு அழுத்தி முதுகைப் பின்னால் தள்ளுங்கள். பூட்டு ஒரு பல் கூட நழுவக் கூடாது. புதிய மரச்சட்டம் போட்டிருந்தால் அது அழுந்தி உட்கார்ந்திருக்கும் என்பதால், சில நாட்கள் ஓட்டிய பின் அதே அரை அங்குல சாக்கெட்டை எடுத்து நான்கு போல்ட்களையும் இன்னொரு முறை சரிபாருங்கள்.