கன்னத்தில் ஒரு கூழாங்கல்

நேயர்களுக்கு வணக்கம். இன்று குழந்தைகளின் முகத்தில் வரும் கட்டிகளைப் பற்றிப் பேசலாம்.

போன மாதம் ஓர் அம்மா தன் ஆறு வயதுப் பெண்ணைக் கூட்டிவந்தார். காதுக்கு முன்னால், கன்னத்தில், மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கட்டி. அதன் மேல் காய்ந்த சுண்ணாம்பு. சுற்றிலும் தோல் வெந்து சிவந்திருந்தது. "வேனல்கட்டின்னு பாட்டி பத்துப் போட்டாங்க டாக்டர். மூணு மாசமா பழுக்கவே மாட்டேங்குது."

எப்படிப் பழுக்கும்? அதில் சீழே இல்லை. தொட்டால் தோலுக்கடியில் கூழாங்கல் போலக் கெட்டியாக இருந்தது. ஓர் ஓரத்தை அழுத்தினேன். பூங்காவில் பிள்ளைகள் ஆடும் சீசா பலகை மாதிரி மறு ஓரம் எழும்பியது. அந்த அசைவே பாதி விடையைச் சொல்லிவிடும். இதன் பெயர் பைலோமேட்ரிக்கோமா. முடியின் வேர்ப் பகுதியிலிருந்து வளர்வது. நாளாக ஆக உள்ளே கால்சியம் படிந்து இறுகும். பாட்டி வெளியே வைத்த சுண்ணாம்பு போதாதென்று உள்ளேயும் சுண்ணாம்பு! புற்று இல்லை. ஆனால் தானாகக் கரைவது அபூர்வம். சின்ன அறுவை சிகிச்சையில் முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்ப வராது. அதற்கும் வெந்த தோல் ஆறும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நடுவில் தொப்புள் போலக் குழிவிழுந்த முத்துப் பருக்கள் வேறு கதை. அது மொலஸ்கம் என்னும் வைரஸ். கிள்ளாமல் விட்டால் மெல்ல மறைந்துவிடும்.

கட்டி எப்போது வந்தது என்பதைக் கட்டாயம் கேட்பேன். பிறந்த சில வாரங்களில் சிவப்புப் புள்ளியாகத் தொடங்கி மளமளவென்று பெருத்தால் அது ரத்தக்குழாய்க் கட்டி, ஹீமாஞ்சியோமா. சில வருடங்களில் தானே சுருங்கும். ஆனால் கண்ணிமை, உதடு, மூக்கு நுனியில் இருந்தால் சுருங்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இதய நோய்க்குக் கொடுக்கும் ப்ரோப்ரனலால் மருந்து இதைச் சுருக்குகிறது என்று 2008இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் எழுதிய பிறகு, சிகிச்சையே மாறிவிட்டது.

பிறந்ததிலிருந்தே புருவத்தின் வெளி ஓரத்தில் உருண்டையாக இருந்தால் பெரும்பாலும் டெர்மாய்டு என்னும் பிறவிக் கட்டி. அவசரமில்லை. அதுவே மூக்குத்தண்டில் இருந்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். மண்டையோட்டுக்குள் வரை அதன் வேர் போயிருக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுக்காமல் ஊசிகூடக் குத்தக் கூடாது.

மூக்கில் கட்டியோடு வரும் குழந்தை அழுதால் நான் உடனே சமாதானப்படுத்த மாட்டேன். அம்மாக்கள் முறைப்பார்கள். அழுகையோடு சேர்ந்து கட்டியும் புடைக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். புடைத்தால், மூளையே அந்த வழியாகப் பிதுங்கி வந்திருக்கலாம்.