காவிரியை எதிர்த்து ஏற 22 பல்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் மயிலாடுதுறைக்காரன். எங்கள் பக்கம் மேடு என்றால் ஆற்றுப் பாலத்தில் ஏறுகிற மேடுதான். அதனால் கியர் சைக்கிள் வாங்கும்போது முன்பக்கம், மிதியோடு சேர்ந்து சுற்றும் பல் சக்கரத்தில் எத்தனை பல் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. முன்னால் 50, 34 பற்கள் கொண்ட இரண்டு பல் சக்கரங்கள் உள்ள வண்டியில் கூடாரம், அடுப்பு, துணிமணி என்று 18 கிலோ ஏற்றிக்கொண்டு கொல்லிமலைக்குப் போனேன். அடிவாரத்தில் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பன்னிரண்டாவதிலேயே முட்டி பிடித்துக்கொண்டது. மிச்சத்தைத் தள்ளிக்கொண்டுதான் ஏறினேன்.

உடம்பில் தெம்பு போதவில்லை என்று அன்று நினைத்தேன். கணக்கு வேறு சொல்கிறது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் சுமார் 2.1 மீட்டர். முன்னால் 34, பின்னால் 32 பல் என்றால் ஒரு மிதிக்கு, அதாவது மிதி ஒரு முழுச் சுற்று சுற்றினால், வண்டி 2.2 மீட்டர் போகிறது. சுமையோடு மலையேற அது அதிகம். முன்னால் 22 பல் போட்டால் ஒரு மிதிக்கு 1.44 மீட்டர்தான். மெதுவாகத்தான் போவோம், ஆனால் உட்கார்ந்தபடியே போவோம்.

அதனால் 44, 32, 22 பற்கள் என்று மூன்று பல் சக்கரங்கள் உள்ள கிராங்க் செட்டுக்கு, அதாவது மிதிக்கட்டையைத் தாங்கும் கைகளும் முன் பல் சக்கரங்களும் சேர்ந்த தொகுதிக்கு, மாறினேன். வேகம் போய்விடுமே என்பார்கள். முன்னால் 44, பின்னால் 11 பல்லில் நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 40 கிலோமீட்டர். மூட்டை கட்டிய வண்டிக்கு அதற்கு மேல் எதற்கு?

பழைய கிராங்கைக் கழற்றும்போது அவசரம் வேண்டாம். கிராங்கின் உள்மரைக்குள் எங்கள் வண்டல் மண் கல்லாக இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டு, ஊசியால் மரைமரையாகச் சுரண்டிய பிறகுதான் கிராங்கை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரைத் திருகினேன். அப்படியே திருகினால் மரை அறுந்துவிடும், அப்புறம் கிராங்கை அறுத்துக்கூட எடுக்க வேண்டி வரலாம். கிராங்க் மாட்டும் நடு அச்சும் புது கிராங்குக்கு ஏற்ற நீளத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செயின் கோணலாக ஓடும். பல பிரேம்களில் நடு அச்சைப் பிடித்திருக்கும் வலப்பக்கக் கப்புக்கு எதிர்மரை, இடப்புறம் சுற்றினால்தான் இறுகும். முன்னால் உள்ள பெரிய பல் சக்கரம் சிறிதாவதால் முன் கியர் மாற்றியைக் கீழே இறக்கி, செயினில் சில கண்ணிகளைக் குறைக்க வேண்டும். முன் கியர் லிவர் மூன்று பல் சக்கரத்துக்கும் இழுக்குமா என்பதை வாங்கும் முன்பே பாருங்கள். இதை நான் கவனிக்காமல் லிவரைத் தனியாக வாங்க வேண்டியதாயிற்று.

நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்த மேல்காற்றை எதிர்த்துக் கல்லணை பக்கம் போகும்போது நடுவில் உள்ள 32 பல்லே போதுமாக இருக்கிறது. செயினும் நேராக ஓடுகிறது. ஊரில் அதிகம் மிதிப்பது இதில்தான்.

22 பல்லுக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன். தை அறுவடை முடிந்ததும் பூம்புகாரிலிருந்து ஆற்றோடு மேற்கே கிளம்புகிறேன். காவிரி பிறக்கும் தலைக்காவிரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த முறை ஒரு வளைவிலும் இறங்குவதாக இல்லை.

வணக்கம்.