பிறவிக் குணம் என்னும் பொய்க்கணக்கு

(புதுச்சேரியில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஓர் இனத்தார் மீது குத்தப்படும் முத்திரைகள் ஏன் அழிய மறுக்கின்றன, அவற்றைச் சுமக்க நேர்ந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். இதைப் பேசுவதற்குப் புதுச்சேரி பொருத்தமான ஊர். செஞ்சி சாலைக்கும் ஆம்பூர் சாலைக்கும் நடுவே செல்லும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம் என்று பிரெஞ்சுக்காரர்கள் பிரித்து வைத்தார்கள். 1954இல் ஆட்சி கைமாறியது. இன்றும் பேருந்து நிலையத்தில் இறங்கி 'ஒயிட் டவுன்' என்று சொன்னால் ஆட்டோக்காரர் மறுபேச்சின்றிக் கொண்டுபோய் விடுவார். 'பிளாக் டவுன்' போக வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு பெயர் விடுதி அறைக்கு விலை சேர்க்கிறது, மற்றொன்று சேர்க்காது, அவ்வளவுதான்.

இன முத்திரைகளுக்கு அறியாமையே காரணம், படித்தால் போய்விடும் என்று மேடைகளில் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நன்கு படித்தவர்களே இவற்றை நயமான மொழியில் பேசக் கேட்டிருக்கிறேன். ஓர் இனத்தாரை ஒரு வேலைக்குள் அடைத்து வைக்கும் ஏற்பாடு முதலில் வருகிறது. அந்த வேலைக்குரிய தன்மைகளை அவர்களுடைய ரத்தத்தின் தன்மைகளாக எழுதிக்கொள்ளும் கணக்கு பின்னால் வருகிறது. அந்த ஏற்பாடு நீடிக்கும்வரை முத்திரைக்கான சாட்சியங்கள் நாள்தோறும் புதிதாக உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும்.

மலாயாவை எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் தோட்டத் துரைமார்கள் மலாய்க்காரர்களைச் சோம்பேறிகள் என்றார்கள். தமிழர்களை அடங்கி நடப்பவர்கள் என்று புகழ்ந்தார்கள். மலாய்க்காரர்களுக்குச் சொந்தமாக வயலும் கிராமமும் இருந்தன, ஆகவே தோட்டத்துக் கூலிக்கு வர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை என்பதைச் சமூகவியலாளர் சையத் உசேன் அலாதாஸ் 1977இல் விரிவாக எடுத்துக்காட்டினார். கடல் கடந்து வந்து, திரும்பிப் போகக் கப்பல் கூலி இல்லாமல் நின்ற தமிழருக்கோ அடங்கி நடப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஒருவர் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது, மற்றவரால் முடியவில்லை. இரண்டையும் பிறவிக் குணம் என்று துரைமார்கள் எழுதி வைத்துவிட்டார்கள்.

பர்மாவில் கதை இன்னும் சிக்கலானது, ஏனென்றால் அங்கே முத்திரைக்கு அடியில் கொஞ்சம் உண்மையும் கிடந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் ஏறக்குறைய 6 விழுக்காடு. அந்தப் பத்தாண்டின் இறுதியில் அது 25 விழுக்காடாக உயர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் உலகப் பொருளாதாரப் பெருமந்தம் வந்து நெல் விலையைச் சரித்திருந்தது. கடனைக் கட்ட முடியாத உழவரின் நிலம் அடமானத்தில் மூழ்கியது. கடன் கொடுத்தவரின் பணமும் விற்க முடியாத நிலத்தில் முடங்கியது. ஆனால் நிலத்தை இழந்தவரின் கண்ணுக்கு லண்டன் சந்தையா தெரியும்? எதிரே கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த செட்டியார்தான் தெரிந்தார். கந்துவட்டிக்காரர்கள் என்ற முத்திரை தனவணிகரோடு நிற்காமல், கடனுக்கும் நிலத்துக்கும் சம்பந்தமே இல்லாத கூலித் தொழிலாளர்கள் வரை எல்லா இந்தியர் மீதும் விழுந்தது.

இந்தப் பொய்க்கணக்குக்கு அரசுகள் அலுவலக முத்திரையும் வைத்துக் கொடுத்ததுண்டு. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம், அது பட்டியலிட்ட இனங்களில் குழந்தை பிறக்கும்போதே அதைக் குற்றவாளியாகக் கணக்கிட்டது. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி, மூக்கின் அளவை வைத்துச் சாதிகளைத் தரம் பிரிக்கலாம் என்று நம்பினார். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த தர்ஸ்டன் அளவுகோலும் கையுமாகத் தலைகளையும் மூக்குகளையும் அளந்துகொண்டிருந்தார்.

நம் ஊருக்கு வருவோம். புதுச்சேரியிலும் கடலூரிலும் கட்டடம் எழும்பும் இடங்களில் பீகார், ஒடிசா, வங்காளத்துத் தொழிலாளர்களைக் காணாமல் இருக்க முடியாது. ஒரு தகரக் கொட்டகை, அதில் பத்துப் பேர், வெளியே ஒரே ஒரு குழாய். அந்தக் குழாயும் சிமெண்டு கலவைக்குப் போக மீந்த நேரத்தில்தான் அவர்களுக்கு. அந்தப் பக்கம் போகிறவர்கள், 'வடக்கனுங்களுக்குச் சுத்தமே கிடையாது' என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். அதே இடத்தில் நிற்கும் மேஸ்திரியைக் கேட்டால், 'அவன் லீவு கேக்க மாட்டான் சார், நம்மாளு சோம்பேறி' என்பார். மலாயாவில் துரை சொன்னதைச் சற்றும் மாற்றாமல் நம்மவரே நம்மவரைப் பார்த்துச் சொல்கிறார். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் குடும்பத்தை விட்டுவிட்டு வந்தவர் தெருமுனைத் திருவிழாவுக்கு விடுப்புக் கேட்பாரா என்ன? புகழுரை போலத் தோன்றும் இந்த முத்திரைகளைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன்; அவற்றில் எப்போதும் கூலிக் கணக்கு ஒளிந்திருக்கிறது.

பழகினால் சரியாகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். 1930களில் அமெரிக்காவில் ரிச்சர்ட் லப்பியர் என்ற சமூகவியலாளர், இளம் சீனத் தம்பதியர் இருவரோடு நாட்டைச் சுற்றி வந்தார். சீனர்மீது வெறுப்பு மிகுந்திருந்த காலம் அது. அவர்கள் சென்ற 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஒன்றே ஒன்றுதான் இடம் மறுத்தது. சில மாதங்கள் கழித்து அதே இடங்களுக்கு, சீனர்களை வாடிக்கையாளர்களாக ஏற்பீர்களா என்று கடிதம் எழுதினார். பதில் அனுப்பியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் மாட்டோம் என்றே எழுதினார்கள். 1934இல் வெளியான இந்த ஆய்வில் குறைகள் உண்டு. வரவேற்றவரும் கடிதம் எழுதியவரும் வேறு ஆட்களாக இருந்திருக்கலாம். ஆனாலும் நம் அன்றாடத்தில் இதே இரட்டை நிலையைப் பார்க்கிறோம். எதிரே நிற்கும் மனிதரோடு இன்முகமாகப் பேசுகிறோம். பிறகு, 'அவர் மட்டும் நல்லவர், மத்தவங்க அப்படி இல்லை' என்று அவரை விதிவிலக்காக்கிவிட்டு, விதியைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறோம்.

பழக்கம் பயனற்றது என்று சொல்ல வரவில்லை. 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த உளவியலாளர்கள் பெட்டிகுரூவும் டிராப்பும், வெவ்வேறு குழுவினர் ஒருவரோடு ஒருவர் பழகுவது பொதுவாகத் தப்பெண்ணத்தைக் குறைக்கிறது என்று 2006இல் எழுதினார்கள். ஆனால் 1954இலேயே உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் சில நிபந்தனைகளை வைத்திருந்தார்: பழகுபவர்கள் சமநிலையில் இருக்க வேண்டும், பொதுவான இலக்குக்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், அதிகாரத்தில் இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும். பரிமாறுபவராகவும் சித்தாளாகவும் காவலாளியாகவும் மட்டுமே ஒருவரைச் சந்திக்கும் நகரத்தில் முதல் நிபந்தனையே நிறைவேறுவதில்லை. மணிப்பூர் இளைஞர் ஒருவரைத் தினமும் உணவகத்தில் பார்த்தும், அவரை 'நேபாளி' என்றே கூப்பிடுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.

நாமும் முத்திரைக்கு ஆளானவர்கள்தாம். 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தமிழ்நாட்டில் வட இந்தியத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்யான காணொளிகள் பரவின. காவல்துறை மறுத்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் வந்து விசாரித்துப் போனார்கள். அதற்குள் அஞ்சியவர்கள் ரயில் நிலையங்களில் கூடிவிட்டார்கள். தமிழர்கள் இந்தி பேசுகிறவர்களை வெறுப்பவர்கள் என்ற எண்ணம் அங்கே ஏற்கெனவே தயாராக இருந்ததால்தான் அந்தப் பொய்க்குச் சாட்சி தேவைப்படவில்லை. நமக்கு ஏற்பட்ட கோபம் நியாயமானது. அந்தக் கோபம் மேஸ்திரியின் பேச்சைக் கேட்கும்போது ஏன் வருவதில்லை என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

இனி, முத்திரை குத்தப்பட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு வருகிறேன். இந்த நகரத்து வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 1873இல் நம்மூர் உடையோடு ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குச் சென்றார். அந்தக் கோலத்தில் அவரை வாதாட அனுமதிக்க நீதிபதி மறுத்துவிட்டார். முழுக்க ஐரோப்பிய உடைக்கு மாறியிருந்தால் சிக்கல் இல்லை. காலணியைக் கழற்றியிருந்தாலும் சிக்கல் இல்லை. அவர் இரண்டையும் செய்யாமல் பாரீசு வரை வழக்கை எடுத்துச் சென்று வென்றார். பிற்பாடு, 1881ஆம் ஆண்டின் ஆணைப்படி சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களின் முன்னணியில் நின்று, லபோர்த் என்ற பெயரையும் சூடிக்கொண்டார். அவரைப் பின்பற்றிப் பல குடும்பங்கள் பெயரை மாற்றிக்கொண்டன. சாதியின் பிடியிலிருந்து விடுபட அது ஒரு வாசல் என்று நம்பியவர்கள் அவர்களில் பலர். அந்த நம்பிக்கையை நான் எள்ளி நகையாட மாட்டேன். ஆனால் 1884இல் வாக்காளர் பட்டியல் வந்தபோது ஐரோப்பியருக்கு ஒன்று, துறந்தவர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். பெயர் மாறியும் வரிசை மாறவில்லை.

முத்திரையை உண்மையென ஏற்று, தன்னையே வெறுப்பதும் ஒரு விளைவு. உளவியலாளர்களான கென்னத் கிளார்க்கும் மேமி கிளார்க்கும் அமெரிக்கக் கறுப்பினக் குழந்தைகள் முன் பொம்மைகளை வைத்து, நல்ல பொம்மை எது என்று கேட்டபோது, பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். இதைக் கேட்டு நாம் உச்சுக் கொட்டுவதற்கு முன் நம் வீட்டு மணமகள் தேவை விளம்பரங்களை ஒருமுறை படித்துவிடலாம். 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற சிவப்பழகுக் களிம்பின் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுக்க அதை விற்கும் நிறுவனத்துக்கு 1975இலிருந்து 2020 வரை ஆயிற்று. களிம்பு இன்றும் விற்கிறது.

இரு மடங்கு உழைத்துத் தன்னை மெய்ப்பிப்பவர்களும், கேலியைக் கேலியாலேயே திருப்பி அடிப்பவர்களும் உண்டு. அது அவரவர் சாமர்த்தியம். எனினும் குற்றம் சாட்டப்பட்டவரே காலமெல்லாம் தம் குற்றமின்மையை நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? கரீபியன் கடலில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த குவாதலூப் தீவில், இந்திய வம்சாவளியினரான ஹென்றி சிதம்பரம் வேறு வழியில் போனார். 1854 முதல் இந்தக் கரையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களின் பிள்ளைகள், அந்தத் தீவிலேயே பிறந்தும் குடிமக்களாக மதிக்கப்படவில்லை. அவர்களுக்கு வாக்குரிமை கேட்டு 1904இல் தொடங்கிய வழக்கை அவர் 1923இல் உரிமை கிடைக்கும்வரை விடவில்லை. இந்தியர்கள் நல்லவர்கள் என்று நிரூபிக்க அவர் மெனக்கெடவில்லை. சட்டப்படி சேர வேண்டியதைக் கேட்டார்.

எனக்கு இந்த வழியே உகந்ததாகப் படுகிறது. அந்தத் தகரக் கொட்டகைக்கும் இது பொருந்தும். மாநிலம் விட்டு மாநிலம் சென்று வேலை செய்பவர்களுக்கு அதே வேலை செய்யும் உள்ளூர்த் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியைக் கொடுக்க வேண்டும், தகுந்த தங்குமிடம் அமைத்துத் தர வேண்டும் என்று 1979ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. கூலி ஒன்றாக இருந்தால் யார் சோம்பேறி என்ற பேச்சுக்கு மேஸ்திரியிடம் வேலை இருக்காது. உங்களில் பலர் வீடு கட்டுகிறவர்கள். ஒப்பந்தக்காரரோடு சதுர அடிக்கு விலை பேசும் நாளிலேயே, ஆட்கள் எங்கே தங்குவார்கள், எத்தனை குழாய், எத்தனை கழிப்பறை, ஆளுக்கு என்ன கூலி என்பதையும் கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.