650 ரூபாய் பொடியும் சுடுகாட்டு மல்லியும்

வணக்கம் மக்களே. இன்றைக்கு மஞ்சள் வேகவைக்கிற வீடியோ வரும் என்று சொல்லியிருந்தேன். அது அப்புறம். முதலில் இந்தப் பாக்கெட்டைப் பாருங்கள், கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். 'புற்றுச் செல்லை அழிக்கும் மூலிகைச் சூரணம்', 100 கிராம், 650 ரூபாய். எங்கள் சித்தி அரூரில் வாங்கி வந்தது.

650 ரூபாய்! பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மஞ்சள் போடுகிறவர்களுக்குத் தெரியும், ஒரு கிலோவுக்கு நம் கையில் என்ன தேறுகிறது என்று. பிரித்து முகர்ந்தேன். அதே மஞ்சள் வாசம்தான், பின்னால் கொஞ்சம் வேப்பிலை. என்னென்ன சேர்த்தார்கள் என்று ஒரு வரி இல்லை. உரிம எண் இல்லை. தேதி போட வேண்டிய இடத்தில் பிள்ளையார் படம். புற்றுநோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யவே கூடாது என்று 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. சித்தியிடம் சொன்னால், "ஆராய்ச்சியில நிரூபிச்சிருக்காங்களாம்டா" என்கிறார்.

சரி, ஆராய்ச்சியில் என்னதான் இருக்கிறது? மஞ்சளில் இருக்கிற குர்குமினைப் புற்றுச் செல்கள் மேல் ஊற்றினால் அவை சாகின்றன. உண்மைதான். அதுவும் ஏனோதானோ என்று சாவதில்லை. செல் தானே சுருங்கி, உள்ளே இருக்கிற டிஎன்ஏவைத் துண்டு துண்டாக்கி, சின்னச் சின்னப் பொட்டலமாகப் பிரிந்துகொள்ளும். பக்கத்துச் செல்கள் அதை விழுங்கிவிடும். வாடகை வீட்டைப் பெருக்கித் துடைத்துச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி. இதற்கு அப்போப்டோசிஸ் என்று 1972-ல் பெயர் வைத்தார்கள். வெட்டுகிற வேலையைச் செய்வது காஸ்பேஸ் என்கிற நொதிகள். புற்றுச் செல்லுக்கு இந்தச் சாகிற வேலைதான் மறந்துபோயிருக்கும். அதை நினைவுபடுத்துகிற பொருளைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள்.

ஆனால் அது நடந்தது கண்ணாடித் தட்டில். தட்டில் ஃபினாயில் ஊற்றினாலும்தான் செல் சாகும்! நாம் சாப்பிடுகிற குர்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை, கொஞ்சநஞ்சம் போவதையும் கல்லீரல் மாற்றி வெளியே தள்ளிவிடும். மிளகோடு சேர்த்தால் ரத்தத்தில் 20 மடங்கு ஏறுகிறது என்று 1998-ல் பெங்களூரில் பார்த்தார்கள். இதைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது எல்லாப் பொடியிலும் மிளகைப் போடுகிறார்கள். துளியோடு 20-ஐப் பெருக்கினாலும் பெரிதாக என்ன வந்துவிடும்? அதோடு அந்த மிளகுச் சத்து வேறு மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றி இறக்கும். கீமோ ஓடுகிறவர்களுக்கு இது விளையாட்டு இல்லை.

மூலிகையே வேண்டாம் என்கிற ஆள் இல்லை நான், பழைய வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். இதோ, என் பின்னால் வேலியோரம் ஊதாவாகப் பூத்திருக்கிறதே, நித்தியகல்யாணி. நம் ஊரில் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்குகிறோம். எனக்கு இதைவிடப் பிடித்த செடி இல்லை. கனடாவில் நோபிள், பீர் என்ற இரண்டு பேர் இதில் சர்க்கரை நோய்க்கு மருந்து தேடினார்கள். சர்க்கரை இறங்கவில்லை, எலிகளுக்கு வெள்ளை அணுக்கள் சரசரவென்று குறைந்தன. அப்படியென்றால் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்க்கலாமே! அங்கிருந்து வந்ததுதான் வின்பிளாஸ்டின். 1958, சொல்ல விட்டுவிட்டேன். அதன் தம்பி வின்கிரிஸ்டின் 1963-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றைக்கும் அதைத்தான் போடுகிறார்கள்.

செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்க உள்ளே நூல் மாதிரி இழைகள் உருவாகும். இந்த மருந்து அந்த இழைகளைக் கட்டவிடாது. பாதியில் மாட்டிக்கொண்ட செல் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும். நரம்பையும் தொந்தரவு செய்யும், விரல் மரத்துப்போகும். அதனால் ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமைத் தாண்டவே மாட்டார்கள், அதுவும் ரத்தக் குழாயில் மட்டும்தான். 2 மில்லிகிராம், மக்களே! "இலையைக் கைப்பிடி பறித்துக் கஷாயம் வைக்கலாமா அண்ணா" என்று கேட்கிறீர்கள். வைக்காதீர்கள். எந்த இலையில் எவ்வளவு இருக்கிறது என்று யார் அளந்தது?

ஆ, இன்னொன்று. சித்தி எதற்கு வாங்கினார் என்று சொல்லவே இல்லையே. பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சிகிச்சை நடக்கிறது, அவருக்காக. பாக்கெட்டை அப்படியே கொண்டுபோய் டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன், வாயில் போடும் முன்னால். கடைக்காரரிடம் சண்டை போட்டு 400 ரூபாய் திருப்பி வாங்கிவிட்டேன், பிரித்ததற்கு 250 பிடித்துக்கொண்டார். முகர்ந்து பார்த்ததற்கு 250!

நித்தியகல்யாணி விதை கேட்டவர்களுக்கு அனுப்புகிறேன். ஆடு மாடு எட்டுகிற இடத்தில் மட்டும் வைக்காதீர்கள்.